குருநகர் அண்ணை பிளேன் விடப் பழகினது

றிமோட் பிளேன் விடப் பழக்கிறது எண்டது, ஆக்கள் ஆசையா வாங்கின சாமானை அவையின்ரை கண்ணுக்கு முன்னாலையே உடைக்க விட்டு, பிறகு ஒட்டிக் குடுக்கிற தொழில். கடை வைச்சு, வாற சனத்திட்டைப் பேச்சு வாங்கி நொந்துபோன ஆக்களுக்கு நான் சொல்லப்போறது விளங்கும். எனக்குக் கோப்பாயிலை ஃபோன் திருத்திற கடை. பின்னேரத்திலை ஊருக்கு வெளியாலை உள்ள வெட்டவெளியிலை பாரமில்லாத ரெஜிபோம் அட்டையிலை செய்த பிளேன் விடப் பழக்கிறன். ஏன் இந்த விசர் வேலை எண்டு என்ரை மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறவ. நீங்களும் கேக்காதேங்கோ.

உடுப்பிட்டி வாத்தியார்

முதல் வந்தவர் உடுப்பிட்டியிலை பௌதிகவியல் படிப்பிக்கிற வாத்தியார். பிளேனை ஏத்திறது லேசு. எங்களை விட்டுப் போகேக்கை றிமோட்டிலை உள்ள தடியை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். ஆனா எங்களைப் பாத்து வரேக்கை எல்லாம் மாறிப்போகும். அதின்ரை இடப்பக்கம் அப்ப எங்கடை வலப்பக்கம். புதுசாப் பழகிற எல்லாரும் உடைக்கிறது இந்த இடத்திலைதான்.

இதைத் திரும்பத் திரும்பச் சொன்னன். "தெரியும், தெரியும்" எண்டார். தெரிஞ்ச மனிசன் நேராக் கொண்டுபோய்ப் பனையிலை குத்தினார். செட்டை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பொறுக்கிக்கொண்டு வந்து குடுத்தன். வாங்கிப் பாத்திட்டுச் சொன்னார்: "பனை நிக்கிற இடம் பிழை, தம்பி."

வெங்காயத் தோட்டத்து அக்கா

வெளியை ஒட்டி ஒரு வெங்காயத் தோட்டம். அண்டைக்குப் புது மோட்டர் பூட்டியிருந்தன், இரைச்சல் கொஞ்சம் கூட. நிலத்தை ஒட்டிப் பதிவாப் பறக்க விட்டன். புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா ஒரு ஆள் வரம்போடை முகங்குப்புற விழுந்து, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தா. பாம்பு கடிச்சுப்போட்டுதாக்கும் எண்டு ஓடினன். கிட்டப் போகத்தான் விளங்கிச்சுது. நானும் இந்த ஊரிலை குண்டு போட வாற பிளேனுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்து வளந்தவன்தானே, எனக்கு உது முதலே தெரிஞ்சிருக்க வேணும். என்னிலையே எனக்கு ஆத்திரம் வந்திச்சுது.

"இனி இஞ்சை விடமாட்டன் அக்கா" எண்டன். எழும்பி இருந்து வாயுக்குள்ளை போன மண்ணைத் துப்பினா. "விடு தம்பி, விடு. விடமுன்னம் ஒருக்காக் கூப்பிட்டுச் சொல்லு, நான் நிண்டு பாக்கிறன்."

கமரா கேட்டு வந்தவர்

பிறகு குருநகரிலையிருந்து சவிரி அண்ணை வந்தார். கடல் தொழில். "கமரா பூட்டின பிளேன் இருக்கோ? கடலுக்கு மேலை எவ்வளவு தூரம் போகும்?" விளையாட்டுக்கு வந்த முகமில்லை அது.

அவரின்ரை ஒரே மகன் யூட், போன மாரியிலை தனியத் தொழிலுக்குப் போனவன். வள்ளம் கரை ஒதுங்கினது, பெடியன் ஒதுங்கேல்லை. ஊரே இறங்கித் தேடினது. உடம்பைக் காணாமல் ஆத்துமத்துக்குப் பூசை வைக்க விடமாட்டன் எண்டு தாய் மறிச்சுக்கொண்டு நிக்கிறா. பூசை வைச்சால் செத்திட்டான் எண்டு தானே ஒத்துக்கொண்ட மாதிரியாம். ஒரு துண்டுச் சேட்டெண்டாலும் எடுத்துக் காட்டினால் காணும் எண்டார் அண்ணை. கலியாணவீட்டுப் படப்பிடிப்புக்காரர் தங்கடை ட்ரோனைக் கடலுக்கு மேலை விடமாட்டம் எண்டிட்டினமாம்.

"சிக்னல் அரைக் கட்டை தூரத்துக்கு மேலை நிக்காது, அண்ணை" எண்டு உள்ளதைச் சொன்னன். அவர் அசையேல்லை. "வள்ளத்திலை இருந்து பாத்தால் தண்ணி மினுங்கும், தம்பி. மேலையிருந்து பாத்தால் அடி தெரியும்."

போகேக்கை உடைக்கிறவர்

நான் விட்டுக் காட்டிறன் எண்டன், கேக்கேல்லை. தன்ரை பிள்ளையைத் தான்தான் தேடுவாராம். சரியெண்டு பழக்கினன். எல்லாரும் வரேக்கை உடைப்பினம், இவர் போகேக்கை உடைச்சார். இடப்பக்கம் திருப்பச் சொன்னால் வலப்பக்கம் போய் நிலத்திலை குத்துவார். ஒட்டி ஒட்டி என்ரை விரலெல்லாம் பசை.

ஒருநாள் பொறுக்கேலாமல் நானே ஏத்தி, திருப்பி, வாற பிளேனை அவரின்ரை கையிலை குடுத்தன். அம்மாடி! பூப்போலை கொண்டுவந்து இறக்கினார். அப்பத்தான் மண்டையிலை உறைச்சுது. வள்ளத்து இஞ்சின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். சின்ன வயசிலையிருந்து அந்தக் கை அப்பிடிப் பழகின கை. எங்களைப் பாத்து வாற பிளேனுக்கு அது அச்சொட்டாப் பொருந்துது. இதை அவருக்குச் சொன்னன். றிமோட்டை என்ரை கையிலை திருப்பித் தந்தார். "அப்ப நீ கொண்டு போ, தம்பி. நான் கொண்டு வாறன்."

கரை

காத்தில்லாத ஒருநாள் காலமை குருநகர்க் கரைக்குப் போனம். அண்ணையின்ரை மனிசி மரியம்மாக்காவும் வந்தா. மகன் போனாப்பிறகு கரைப்பக்கம் வராதவ. சீலைத் தலைப்பை வாயிலை வைச்சுக்கொண்டு தள்ளி நிண்டா.

நான் ஏத்திக் கொண்டுபோனன். பிளேனிலை பூட்டின கமராவின்ரை படம் ஃபோனிலை தெரிஞ்சுது. கடல்பாசி, மணல் திட்டு, ஆரோ விட்ட வலைத்துண்டு. அண்ணை சொன்னது சரி, அடி தெரிஞ்சுது. அடியிலை ஒண்டுமில்லை. "இன்னும் கொஞ்சம்" எண்டார். விட்டன். "இன்னும் கொஞ்சம்." படம் வெட்டி வெட்டி வரத் தொடங்கிச்சுது. "இதுக்கங்காலை போனால் பிளேனும் வராது, அண்ணை." படத்தைப் பாத்தார், மனிசியைப் பாத்தார், தலையை ஆட்டினார். பிளேனைக் கரைக்குத் திருப்பிப்போட்டு றிமோட்டைக் குடுத்தன். கொண்டுவந்து மனிசியின்ரை காலடி மணலிலை இறக்கினார்.

மரியம்மாக்கா அப்பிடியே மணலிலை இருந்து, பிளேனை எடுத்து மடியிலை வைச்சு, செட்டையிலை ஒட்டின மண்ணைத் தட்டினா. தட்டி முடிஞ்ச பிறகும் தட்டிக்கொண்டிருந்தா. நான் அழுதன், சொல்ல என்ன வெக்கம். பிறகுதான் அவ புருசனை நிமிந்து பாத்தா. "கொண்டு வரக்கூடியதெண்டால் நீங்கள் கொண்டு வந்திருப்பியள். சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ, பூசையை வைக்கட்டும்."

இப்பவும் என்னட்டைப் பழக வாறவை எல்லாரும் பிளேனை எப்பிடி மேலை ஏத்திறதெண்டுதான் முதல் கேக்கினம், இந்தத் தொழிலிலை லேசான வேலை அது ஒண்டுதான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?