உள்ளங்கையில் விட்ட பெட்ரோல்

மூன்றாவது போல்ட்டின் தலை முறிந்து ஸ்பேனரோடு கைக்கு வந்தபோது நான் திட்டியது மோட்டாரை அல்ல, என்னை. முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்க வேண்டும். ஏற்காட்டில் இத்தனை வருடமாகப் பட்டறை நடத்துகிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். அன்றைக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஜீப் கொண்டுவந்த இரண்டு பேரை, நாளைக்கு வாங்க என்று முகம் கொடுக்காமல் அனுப்பியிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் மறுபடி அந்த மோட்டார் முன்னாலேயே போய் உட்காரத் தோன்றியது.

அது படகின் பின்பலகையில் மாட்டுகிற பழைய மோட்டார். மேலே என்ஜின், கீழே தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட கால், காலின் அடியில் விசிறி. கொண்டுவந்தவர் ஒரு லாட்ஜின் புது மேனேஜர், சேலத்துக்காரர். கோடவுனில் தார்ப்பாயின் அடியில் கிடந்ததாம். "பழசுக்குத்தானுங்க இப்ப மவுசு. ஓட வெச்சுக் குடுத்தீங்கன்னா சீசனுக்கு ஏரியில விட்டறலாம்" என்றார். அதே லாட்ஜில் முப்பது வருடத்துக்கு முன் ஜீப் ஓட்டியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

அந்தக் காலத்தில் இந்த மோட்டாரை ஓட்டியவர் கிளியூர்க்காரர். லாட்ஜில் எல்லோருக்கும் அவர் போட்கார அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லி, எப்போதும் அரைக்கை சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர். கயிற்றைச் சுற்றி இரண்டு தரம் சும்மா இழுப்பார், மூன்றாவது இழுப்பில் மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பும். வேறு யார் இழுத்தாலும் தோள்பட்டை வலிதான் மிச்சம். என் ஜீப்பைக் கண்டால் அவருக்குக் கேலி. "நீ மலையேத்தற சத்தத்துக்கு ஏரி மீனெல்லாம் பயந்துக்கிட்டுச் சேலத்துக்கு பஸ் ஏறிருச்சு சாமி" என்பார். தினமும் காலையில் பெட்ரோல் டேங்கில் அலுமினிய டம்ளரால் ஆயில் அளந்து ஊற்றுவார். விளிம்பில் வழிவதை விரலால் வழித்து அந்த விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். இதெல்லாம் என் கண்ணில் பட்டதுதான், மனதில் ஏறவில்லை. டம்ளரைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. அப்போது நான் ஜீப்பைத் தவிர எதையும் மதிக்காத ஆள்.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அன்று ஒரே பயம் கலப்படப் பெட்ரோல். மண்ணெண்ணெய் கலந்ததை ஊற்றிக்கொண்டு கிளம்பினால் வண்டி பாதிக் கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளங்கையில் சில சொட்டு விட்டு ஊத வேண்டும். நல்ல பெட்ரோல் சில்லென்று பறந்துவிடும். பிசுபிசுப்பு ஒட்டினால் கலப்படம். அந்தப் பரீட்சையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு சீசன் நாள் காலையில் படகுத்துறைப் பக்கம் போனேன். அண்ணன் டேங்கை நிரப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வாசனை சரியில்லை. உள்ளங்கையில் விட்டு ஊதினேன். ஒட்டியது. பாவம், அண்ணனை யாரோ ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். முழுவதையும் மண்ணில் கொட்டிவிட்டு, ஜீப்பில் இருந்த கேனிலிருந்து நல்ல பெட்ரோலை ஊற்றி வைத்தேன். என்ஜின் உராயாமல் இருக்க ஸ்கூட்டர் பெட்ரோலில் ஆயில் கலப்பது எனக்குத் தெரியாததல்ல. படகு மோட்டாரும் அந்த ஜாதி என்று அந்த நேரம் மண்டையில் உறைக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்ப்பதற்குள், ரயிலுக்கு நேரமாயிற்று என்று கெஸ்ட்டுகள் ஹாரன் அடித்தார்கள். சேலத்துக்கு இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது படகுத்துறையில் கூட்டம். ஆயில் இல்லாத மோட்டார் நடு ஏரியில் இறுகி நின்றுவிட்டது. படகில் இருந்தது லாட்ஜ் முதலாளியின் சம்பந்தி வீட்டார். பனிமூட்டம் வேறு இறங்கி, குழந்தைகள் அழுது, அண்ணன் ஒரு பலகையால் துழாவித் துழாவிக் கரை சேர்த்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளிக்குச் சம்பந்தி முன்னால் மானம் போன கோபம். "ஆயில் கலந்தியா இல்லையா?" என்று கேட்டார். "கலந்தனுங்க" என்றார் அண்ணன், சட்டென்று, சந்தேகமே இல்லாமல். முதலாளி டேங்கைச் சாய்த்து அண்ணன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். ஊதச் சொன்னார். பெட்ரோல் பறந்துவிட்டது. கை சுத்தமாக வெளுத்திருந்தது. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கலக்கலையாட்ட இருக்குதுங்க" என்றார்.

ஜீப் கதவைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. காலையில் என் கையில் ஒட்டியது அண்ணன் கலந்த ஆயில். ஓர் அடி முன்னால் வைத்துச் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நின்றேன். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. தோட்ட வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு வருடம் கழித்து லாட்ஜை விட்டு, வேலை கற்றுக்கொண்டு, பஜாரில் பட்டறை போட்டேன். சந்தையில் அவர் வருவது தெரிந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். கிளியூர் போகலாம் என்று இரண்டு தரம் கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருக்கிறேன்.

இந்த வேலையைக் கற்ற பிறகு எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. இந்த மாதிரி மோட்டாரின் காலுக்குள் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கும். அதுதான் ஏரித் தண்ணீரை மேலே இறைத்து என்ஜினைக் குளிர வைக்கும். அது பிய்ந்துபோனாலும் சூடேறி மோட்டார் இறுகும். பழைய மோட்டார்தானே, ரப்பர் அன்றைக்கே பிய்ந்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிய நாட்கள் நிறைய. யாரும் அதைத் திறந்து பார்க்காதவரை அந்தச் சாக்குக்கு உயிர் இருந்தது. இப்போது திறக்கச் சொல்லி என் பட்டறைக்கே வந்துவிட்டது.

ஒழுங்காக வேலை செய்கிறவன் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான். நான் நேராகக் காலுக்குத்தான் போனேன். கெட்டிப்பட்ட கிரீஸைச் சுரண்டி, துருப்பிடித்த திருகுகளைத் தட்டித் தட்டித் தளர்த்தி, ரப்பர் சக்கரத்தின் மூடிவரை வந்தேன். பிய்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. இதழ்களை எண்ணினேன், ஆறும் இருந்தன. தண்ணீர் ஏறும் குழாயை ஊதினேன். காற்று தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. அதன் பிறகுதான் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு வந்து மூன்று போல்ட்டை முறித்தேன். ஹெட் கழன்றதும், பாதி ஏறிய இடத்தில் நின்றுபோன பிஸ்டன் தெரிந்தது. சிலிண்டர் சுவரெல்லாம் ஆயில் காணாத உலோகம் உராய்ந்து இழுத்த கோடுகள். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வான்.

பட்டறையைப் பூட்டிவிட்டு, கையைக்கூட சரியாகக் கழுவாமல் கிளியூருக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை திரும்பவில்லை.

அண்ணன் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். முடி நரைத்து, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "ஜீப்பு தம்பியா? ஊட்டுக்குள்ள வா சாமி" என்று நாற்காலி போட்டார். உட்கார்ந்தவர் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து மறுபடி போனார். "அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்று பின்கட்டில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி குரல் கொடுத்தார். "இவருக்கு இதே பொழப்பு. ஊட்டப் பூட்டிட்டு பஸ் ஏறப் போனா, நடு வழியில திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாரு. எம்பட கையி செஞ்சத நான் நம்ப மாட்டேம்பாரு."

தேநீர் வருவதற்குள் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி முடியாது என்று பயம். டேங்கைத் திறந்தது, ஊதிப் பார்த்தது, கொட்டியது, வேறு ஊற்றியது, படகுத்துறையில் நின்று பேசாமல் இருந்தது, எல்லாம். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். "நீ ஊதறப்ப ஒட்டுச்சா?" என்றார்.

"ஒட்டுச்சுங்க அண்ணா. பிசுபிசுன்னு ஒட்டுச்சு."

"அப்ப நான் ஊத்தியிருக்கறேன்."

"ஊத்துனீங்க அண்ணா."

"மறக்கல."

"நீங்க மறக்கலீங்க."

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியாமல் வாய் கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏ புள்ள, இங்க வா. அன்னிக்கு நான் ஆயில ஊத்தியிருக்கறேன். இந்தத் தம்பி கண்ணால பாத்திருக்குது." என் பக்கம் திரும்பி, "அவகிட்டயும் ஒருக்கா சொல்லு சாமி" என்றார்.

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றார். நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார். அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடித்ததும் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"இத்தன வருசமும் இந்த மலையிலதானுங்க இருந்தீங்க?"

"இங்கதானுங்க இருந்தேன்" என்றேன்.