கருங்குளம் நிலையத்தின் விரிசல்

கருங்குளம் மெட்ரோ நிலையம் எந்த ஊரிலும் இல்லை. 2007இல், இல்லாத ஒரு நகரத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி அதற்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ஓர் இணையக் குழுவில், விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்கும் பச்சமுத்துவின் பங்குக்கு வந்த நிலையம் அது. அவரவர் நிலையத்தின் வரலாற்றை அவரவரே எழுத வேண்டும். ஞாயிறுதோறும் கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினான்.

தூண் எத்தனை, படி எத்தனை என்று பிசகாமல் எழுதிவந்தவன், 1974க்கு வந்ததும் வேறொன்றை எழுதிவிட்டான். கூரை வளைவில் விரிசல். காவலாளி அதன் குறுக்கே களிமண் பட்டை அப்பினார். விரிசல் வளர்ந்தால் பட்டை பிளக்கும். மூன்றாம் நாள் பிளந்தது. அதிகாரி சிரித்தார். மறுவாரம் கூரை இறங்கிப் பதினோரு பேர் செத்தார்கள்.

கூரை இறங்கியது மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் அவன் வேலை செய்யும் சூளையின் கூரை வளைவில் நடந்தது; பட்டை அப்பியவன் அவனே. "மண்ணு காஞ்சா வெடிக்காம பூவா பூக்கும்?" என்று சிரித்தவர் மேஸ்திரி சக்கரபாணி. "பயமா இருந்தா நாளைலேர்ந்து வராத. வேற ஆளா இல்ல?" அன்று முழுக்க அந்த வளைவின் கீழேயே வேலை செய்தான். யாராவது இருமினாலும் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. கூட நின்ற வாசுகி சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, வரலாறுகளைச் சரிபார்க்கும் கயல்விழி என்பவள் கருங்குளம் வரலாற்றின் அடியில் கேட்டிருந்தாள்: "ஈர மண் காய்ந்தாலே வெடிக்குமே. விரிசல் வளர்ந்ததால்தான் பிளந்தது என்று காவலாளிக்கு எப்படித் தெரியும்?"

மேஸ்திரி கேட்டதும் இதைத்தானே.

திங்கட்கிழமை சூளை காலியாக இருந்தது. காயும்போது மண் வெடிக்காமலிருக்கச் சுட்ட ஓட்டுத் தூள் கலந்து ஒரே பிசைவில் இரண்டு பட்டை போட்டான். ஒன்று விரிசலின் குறுக்கே. மற்றொன்று ஒரு முழம் தள்ளி, நல்ல செங்கல்மேல். புதன்கிழமை சரக்கு அடுக்க வேண்டும். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இரண்டுமே பிளந்தால் பட்டறையே சிரிக்கும். ஒன்று மட்டும் பிளந்தால்?

புதன் காலை எல்லாருக்கும் முன்னால் உள்ளே போய் டார்ச் அடித்தான். நல்ல கல்மேல் இருந்தது முழுசாக இருந்தது. விரிசல்மேல் இருந்தது பிளந்திருந்தது.

"மேஸ்திரி, வந்து பாருங்க." வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் உள்ளிருந்தே கூப்பிட்டான்.

"என்னாண்ணே, சுவத்துக்கு விபூதி பூசியிருக்க?" என்றாள் வாசலில் நின்ற வாசுகி.

சக்கரபாணி குனிந்து உள்ளே வந்தார். "மறுபடியும் மண்ணா?"

"ரெண்டும் ஒரே மண்ணு மேஸ்திரி. ஒண்ணாதான் காஞ்சுது."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிளவில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம் முழுக்க உள்ளே போனது. அவர் சிரிக்கவில்லை. ஓசைப்படாமல் பின்வாங்கி வெளியேறி, வாசலில் கையை விரித்து வாசுகியைத் தடுத்தார்.

"யாரும் உள்ள போவாதீங்க. பச்சமுத்து, நீ மெல்ல வா. எதையும் தொடாத."

வளைவின் கீழே தான் ஒருவன் மட்டும் நிற்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாசல் நாலே எட்டுத் தூரம். முதல் எட்டை வைத்தான். மேலிருந்து பின்கழுத்தில் தூள் உதிர்ந்தது.