மூன்று பள்ளங்களும் ஆறு பள்ளங்களும்

எழுபதுகளில் சேலத்தில் ஒரு கல்லூரியில் பாலிமர் பாடம் நடத்தினேன். சங்கிலி மூலக்கூறின் பிணைப்பு எந்தக் கோணத்திலும் திரும்பும்; அதற்கேற்ப அதன் ஆற்றல் மேடுபள்ளமாக மாறும். கணக்கை எளிதாக்க மூன்று பள்ளங்களை மட்டுமே நிலைகளாகக் கொள்வோம்.

மல்லசமுத்திரத்து மாணவன் பழனிசாமி, ஆய்வேட்டில் ஆறு பள்ளங்கள் என்று எழுதியிருந்தான்.

"பக்கத்து அணுவுங்க நெருக்குறதால ஒவ்வொரு பள்ளமும் ரெண்டாப் பொளக்குதுங்க சார்."

"பொளக்க இதென்ன உங்க தோட்டத்துப் பாறையா? புத்தகத்துல மூணுதான்."

சிவப்பு மையால் அடித்தேன். தோற்றான்.

மறு ஆண்டு வந்த வெளிநாட்டு இதழில் அதே ஆறு பள்ளங்கள். மறுமதிப்பீட்டுக்குக் கெடு முடிந்திருந்தது. அந்த விதி எனக்கு மனப்பாடம். இதழோடு அவன் ஊருக்குப் போனேன். கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன் மேலேறி வந்து படித்தான்.

"சரியாத்தானுங்க சார் போட்டிருக்காங்க. தோட்டத்துப் பாறைதான் இன்னும் பொளக்கலீங்க."

தேறியவர், தோற்றவர் என்று இரண்டே பள்ளங்களில் எத்தனையோ பேரைப் போட்டிருக்கிறேன். அவனை எதில் போட்டேன் என்பது மட்டும் மறக்கவில்லை.