ஆடு மேயக் கூடாத பச்சை

வானத்தை நம்பி விதைப்பதில் எனக்கு எப்போதும் கோபம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு புரட்டாசியிலும் முதலில் அவசரப்படுகிறவள் நான்தான். கழுகுமலைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் மானாவாரிக் கரிசலில், மழைக்கு முன்பே சோளத்தைப் புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை பெய்துவிட்டால் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது. செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் முதல் மழை ஒழுங்காக வந்தது. சில நாளில் கருப்பு மண் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளி வைத்தது. அப்புறம் வானம் கையை விரித்துவிட்டது.

பகல் முழுக்கக் கானல் ஓடும். தூரத்தில் போகிற ரயில் தண்ணீரில் மிதந்து போவதுபோல இருக்கும். வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பயிர் வாடுகிறதா, எனக்குத்தான் கண் சொருகுகிறதா என்று தெரியாது. மேகங்கள் வந்து, நிழலை மட்டும் எங்கள் நிலத்தின்மேல் இழுத்துக்கொண்டு போகும். என் வீட்டுக்காரர் செல்போனில் மழை பார்த்துவிட்டு, "நாளைக்கு உண்டு" என்பார். அவருடைய நாளை வரவே இல்லை. தீக்குச்சி காய வெயில் வேண்டிய கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் அந்த வெயிலில் மனசு குளிர்ந்திருக்கும்.

எங்கள் தெருவில் ஆட்டு மந்தை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் உண்டு. கோடையில் ராத்திரி ஆடுகளை எங்கள் நிலத்தில்தான் அடைத்துக் கிடை போடுவார். எரு எங்களுக்கு, அறுத்த சோளத்தட்டையின் மிச்சம் ஆடுகளுக்கு. அதனால் அந்த ஆடுகளுக்கு எங்கள் நிலம் சொந்த வீடு மாதிரி. அதுவே இப்போது வினையாகிவிட்டது. சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, பச்சையாக நின்றது எங்கள் சோளம் ஒன்றுதான். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம். கொஞ்சம் மேய்ந்தாலே நுரை தள்ளிச் சாய்ந்துவிடும்.

அண்ணாச்சி கம்பும் கையுமாக எங்கள் வரப்பிலேயே காவல் நின்றார். ஒரு மத்தியானம் கிடா ஒன்று தப்பி உள்ளே பாய்ந்தது. நானும் அவருமாக ஓடிப் பிடித்து, அதன் வாயிலிருந்து பயிரைப் பிடுங்கினோம். அது பிழைத்துக்கொண்டது.

"உழுதிருதேன் அண்ணாச்சி. டிராக்டருக்குச் சொல்லுதேன். இது நின்னா உங்க மந்தை மிஞ்சாது" என்றேன்.

அவர் குனிந்து ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்தார். "குருத்துல உசுரு இருக்கு தங்கச்சி. ஒரு மழைக்கு எந்திரிச்சிரும். உழாதீங்க. நான் ஆடுகள மேக்க பத்திட்டுப் போறேன்."

"அங்கன மட்டும் புல்லு இருக்கா?"

"போய்ப் பாப்போம்."

மறுநாள் விடியும்போதே மந்தை போய்விட்டது. அது கிளப்பிய புழுதி வெகுநேரம் ரோட்டின்மேல் அப்படியே நின்றது.

அந்த வாரமே ஒரு பகல் தூக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. கனவென்றே நினைத்துப் புரண்டு படுத்தேன். எழுந்து வந்தால் தெருவெல்லாம் தண்ணீர். நனைந்துகொண்டே ஓடி நிலத்துக்குப் போனேன். சுருண்டு கிடந்த தோகைகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. போனை நனையாமல் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அங்கன பெய்யுதா அண்ணாச்சி?"

"இங்கன ஒரு பொட்டு இல்ல. அங்கன?"

முந்தானையைப் போனின்மேல் இன்னும் இழுத்து மூடினேன். ஆனால் போனுக்குள் மழைச் சத்தம் போய்விட்டது. அவர் சிரித்தார். "கேக்குது தங்கச்சி. நல்லாப் பெய்யட்டும்."

"திரும்பி வந்திருங்க. இனிமே புல்லு முளைச்சிரும்."

"புல்லு முளைக்க நாளாகும். அதுவரைக்கும் பசிக்கு ஆடுக உங்க பயிரத்தான் பாக்கும்; அதுல விஷம் உடனே எறங்காது. நான் இங்கனயே இருக்கேன்."

அவருக்குப் பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பசிக் கத்தல். போனை வைக்க மனசு வராமல், அதைக் கேட்டுக்கொண்டே என் மழையில் நின்றேன்.