வேங்கைச்சி விட்டுவிட்ட கழுத்து

நீங்கள் கும்பிடும் பெண்தெய்வத்தைக் கொன்றது யார் என்று வீட்டில் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அவளுக்கு எந்த மாதம் படைக்க வேண்டும், பொங்கலில் வெல்லம் எவ்வளவு, சேலை என்ன நிறம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எப்படிச் செத்தாள் என்று கேட்டால் மட்டும் கிணற்றில் விழுந்தாள், தீயில் பாய்ந்தாள் என்று வாய்க்குள் முனங்குவீர்கள். தென்மாவட்டத்துக் கிணறுகள் பெண்பிள்ளைகளைப் பார்த்துத்தான் இழுக்கும் போலிருக்கிறது. விழுந்தவள் சாமியானதும், கும்பிட முதல் ஆளாக நிற்பவன் அவளுடைய அப்பனாகவோ அண்ணனாகவோ இருக்கிறான். இது ஏன் என்று ராஜபாளையத்து மாரிக்கனிக்கும் முப்பத்தெட்டு வயதுவரை தோன்றியதில்லை. தோன்ற வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதி.

மாரிக்கனிக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியைச் சுற்றி, வெட்டி, பொட்டலம் போடும் வேலை. ஆலங்குளத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கல்குவாரி லாரி ஓட்டுகிறவன். குழம்பில் உப்பு கூடினால் ஓர் அடி, குறைந்தால் ஓர் அடி. ஒருநாள் மணிக்கட்டை முறுக்கியதில் எலும்பு விலகி, கோணலாகவே கூடிவிட்டது. அன்றைக்கு மாற்றுச் சேலைகூட எடுக்காமல் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்தவள்தான். அந்தக் கோணல் கையாலேயே மற்றவர்களைவிட வேகமாகத் துணி சுற்றுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே போதை "வேங்கைச்சி". இரண்டு வருடமாக ஓடிய தொடர். மலையடிவாரத்து ஊரில் ஒருத்தி ஆடு மேய்ப்பவனை விரும்புகிறாள். அவளுடைய ஏழு அண்ணன்மாரும் சேர்ந்து அவனை வெட்டிப்போட்டு, அவளை உயிரோடு கொளுத்துகிறார்கள். வெந்த உடம்புக்குள் காட்டு வேங்கையின் உயிர் புகுந்துகொள்கிறது. பகலில் பெண், கோபம் வந்தால் புலி. ஒவ்வோர் அண்ணனாகத் தேடிப் போய்க் கழுத்தைக் கடித்துக் குதறுவாள். ரத்தம் திரையில் கண்ணாடியில் பட்டதுபோலத் தெறிக்கும். மாரிக்கனி அந்த இடத்தில் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். புலி உண்டா, ஆவி புகுமா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. அடி வாங்கியவள் திருப்பி அடிப்பதை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் வேலைக்கூடத்தில் அலசல் நடக்கும். பக்கத்து மேசை நஸீபாவும் அதே கிறுக்கு.

"நேத்து கடி வாங்குனானே, அவனுக்குக் கட்டுப் போட எத்தன ரோல் வேணும்ங்க?" என்பாள் நஸீபா.

"கழுத்துல பாதி இல்ல. ரோல் என்னத்துக்கு? கோடித்துணி போதும்."

"மூத்த அண்ணன மட்டும் விட்டுருவாளாம்னு சொல்லுதாவ. அவன்தான் தொட்டில் ஆட்டுனவனாம்."

"தொட்டில ஆட்டுனவன்தாம்ட்டி தீக்குச்சியக் கிழிச்சதும். நீ வேணாப் பாரு, அவன் கொரவளைய உருவித் தோரணம் கட்டுவா."

ஆறு அண்ணன்மாரும் முடிந்திருந்தார்கள். மூத்தவன் மட்டும் பாக்கி. முதல் சீசனின் முடிவு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரச் சிறப்புப் பகுதியாக வருகிறது என்று ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்தார்கள்.

அதே மாதத்தில்தான் மாரிக்கனியின் கடைசித் தங்கை மாரீஸ்வரி வீட்டைவிட்டுப் போய் ஜோயலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பைக் மெக்கானிக். தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடியிருந்தார்கள். அவன் என்ன சாதி, இவர்கள் என்ன சாதி என்று உங்கள் மனசு தேடுவது தெரிகிறது. இந்தக் கதையில் எந்தச் சாதிப் பெயரை எழுதிப் பார்த்தாலும் பொருந்தும் என்பதால் எதையும் எழுதவில்லை. காவல் நிலையத்தில் வைத்துப் பேசியபோது மாரிக்கனியின் தம்பி வைகுண்டராஜ், "இனி எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு வேனை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனான், வந்தான், வாயைத் திறக்கவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று மாரிக்கனி நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று பேர். மாரிக்கனி, தாய் சண்முகத்தாய், பிறகு வைகுண்டராஜ். நாடகம் என்றாலே சீறுகிறவன், அன்றைக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"என்னலே, நீயும் வேங்கைச்சிக்குக் கட்சி மாறிட்டியா?"

"ஊரே பாக்குது. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

முதல் இரண்டு மணி நேரம் மாரிக்கனிக்கு வயிறு குளிர்ந்தது. வேங்கைச்சி கோட்டைக் கதவைப் பிளந்தாள். காவலாட்களைச் சுவரோடு சேர்த்துக் கிழித்தாள். மூத்த அண்ணனை மண்ணில் தள்ளி, மாரில் முழங்காலை ஊன்றி, நகத்தைக் கழுத்தில் வைத்தாள். "கடி தாயி" என்றாள் மாரிக்கனி மெதுவாக.

அண்ணன் அழுதான். தொட்டிலையும் தாலாட்டையும் காட்டினார்கள். "தங்கச்சி" என்றான். வேங்கைச்சியின் கண்ணில் நீர் வந்தது. கழுத்தில் வைத்த நகம் விரலுக்குள் மடங்கிப் போனது. அவனை எழுப்பிவிட்டுவிட்டு, தன்னைக் கொளுத்திய அதே இடத்துக்கு நடந்து போய், மறுபடி தீ மூட்டி அவளே உள்ளே இறங்கினாள். தீ அணைந்ததும் அங்கே ஒரு கல் நின்றது. அண்ணன் பட்டுச் சேலையைத் தட்டில் ஏந்தி வந்து கல்லுக்குச் சார்த்தினான். ஊர் குலவை போட்டது.

சண்முகத்தாய் எழுந்துபோய் டிவிப் பெட்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள்.

மாரிக்கனி எழுந்துவிட்டாள். "தூ. இதுக்கா ரெண்டு வருசம் பாத்தேன்? கொளுத்துனவனுக்கு மன்னிப்பு, கொளுத்தப்பட்டவளுக்குக் கல்லு."

விளம்பரம் போட்டார்கள். வைகுண்டராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் பல நாளுக்குப் பின் தெளிந்திருந்தது.

"கதைய ஒழுங்காப் பாருக்கா. செத்தாலும் அவ அந்த வீட்டுப் பொண்ணுதான. மானம் போனது போனதுதான், ஆனாக் கடைசியில சாமியா வீட்டுக்கே திரும்பி வந்துட்டால்ல. அண்ணனுக்கும் மனசு ஆறிருச்சு." அம்மா பக்கம் திரும்பினான். "யம்மா, இந்த வருசம் கன்னிப் பெட்டிக்கு ரெண்டு சேலையா எடுத்துருங்க."

கன்னிப் பெட்டி என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் தெரியும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக நினைத்து, பனையோலைப் பெட்டிக்குள் புதுச் சேலையும் வளையலும் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கும்பிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கன்னி, அப்பாவின் தங்கை முத்தாத்தாள். ஒரு கன்னிக்கு ஒரு சேலை. இரண்டாவது சேலை யாருக்கு?

மாரிக்கனி தாயைப் பார்த்தாள். சண்முகத்தாய் மகனைப் பார்க்கவில்லை, எரிகிற சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யம்மா, முத்தாத்தா அத்த எப்படிச் செத்தா?"

"கெணத்துல விழுந்தா."

"யாரு தள்ளுனா?"

சண்முகத்தாய் இன்னொரு சூடத்தை எடுத்து வைத்தாள். "ஒங்க தாத்தாதான். வேத்துச் சாதிக்காரனோட பேசுனான்னு. பொறவு ரொம்ப நொந்துபோனாரு. மொத சேலை எடுத்து வச்சுக் கும்பிட்டதே அவருதான்."

வைகுண்டராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு, பரணிலிருந்து அருவாளை எடுத்தான். இளநீர் வெட்டுகிற அருவாள், புதிதாகச் சாணை பிடித்திருந்தது. பூசைக்குத் தேங்காய் எடுக்கிறவன்போல அவசரமில்லாமல் எடுத்தான். மாரிக்கனியைப் பயமுறுத்தியது அந்த நிதானம்தான். அவன் வெறியில் போகவில்லை. செத்தபின் தங்கையை எங்கே வைக்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டுப் போகிறான்.

அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றாள்.

"தள்ளுக்கா."

"எங்கலே போற?"

"வில்லிபுத்தூருக்கு. நீ இதுல வராத. ஒன் வாழ்க்கையே ஒனக்குச் சரியில்ல."

"அவளுக்குப் புருஷன் இருக்காம்லே. கன்னியாடா அவ?"

"அதெல்லாம் ஒரு கல்யாணமா? நமக்கு அவ கன்னிதான்."

அருவாளின் பின்பக்கத்தால் அவள் தோளில் ஓங்கி அடித்தான். தோளெலும்பு நொறுங்கியதுபோல் இருந்தது, ஆனால் அவள் நகரவில்லை. முடியைப் பிடித்து இழுத்துத் தலையைக் கதவில் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. புருஷன் அடித்தபோதெல்லாம் கையை முகத்துக்குக் கொடுத்துக்கொண்டு குறுகி உட்காருவாள். இப்போது தம்பியின் முன்னங்கையைப் பிடித்துச் சதை பிய்கிறவரை கடித்தாள். வாயெல்லாம் உப்பு ரத்தம். அவன் கத்திக்கொண்டு வீசினான். கூர்ப்பக்கம் அவளுடைய நல்ல கையில், முழங்கைக்குக் கீழே இறங்கியது. வெள்ளையாக எலும்பு தெரிந்து, பிறகுதான் ரத்தம் வந்தது.

"யாராவது வாங்களேன். கொலை பண்ணப் போறான், பிடிங்க" என்று அலறினாள்.

ஒருவரும் வரவில்லை. தெரு முழுக்க எல்லா வீட்டிலும் அதே தொடர். விளம்பரம் முடிந்து கல்லுக்குக் கொடை விழா நடந்துகொண்டிருந்தது. மேளமும் குலவையும் பெண்களின் ஓலமும் வரிசையாக எல்லாச் சன்னல்களிலிருந்தும் வந்தன. அவள் அலறலும் அதோடு கலந்துவிட்டது.

கீழே சரிந்தபோது கை ஒரு கல்லில் தட்டியது. கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த அம்மிக்குழவி. மிக்சி வந்தபின் அதற்கு அதுதான் வேலை. அவன் அவளைத் தாண்டித் தாழில் கை வைத்தான். கோணல் கையாலேயே குழவியைத் தூக்கி, அவன் முழங்கால் சில்லில் இறக்கினாள். காய்ந்த விறகு முறிவதுபோல் சத்தம் கேட்டது. விழுந்தவன் அருவாளை விடவில்லை. கையை ஊன்றிக் கதவை நோக்கி ஊர்ந்தான். மறுபடியும் அதே காலில் இறக்கினாள்.

"எம் புள்ளைய முடமாக்கிட்டாளே" என்று சண்முகத்தாய் ஓடி வந்தாள். வந்தவள் மகளின் ரத்தத்தில் காலை வைத்து மிதித்து, மகனுக்காகத் தாழைத் திறந்துவிட்டாள்.

அதே நேரம் கொல்லைப்பக்கமாக நஸீபா வந்தாள். அடுத்த தெருவில் குடியிருப்பவள். அண்ணனை விட்டதும் ஆத்திரம் தாங்காமல் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டு, மாரிக்கனியோடு சேர்ந்து நாடகக்காரனைத் திட்டலாம் என்று புறப்பட்டவளுக்கு, டிவி ஓய்ந்த காதில் அலறல் தனியாகக் கேட்டிருக்கிறது. உள்ளே வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. வைகுண்டராஜின் மணிக்கட்டில் ஏறி நின்றாள். விரல் விரிந்ததும் அருவாளை எடுத்துக் கொல்லைக்கு எறிந்தாள்.

திறந்த கதவு வழியாகத் தெருக்காரர்கள் பார்த்தார்கள், ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது, "கூடப் பொறந்தவன இப்படியா அடிக்கிறது?" நஸீபா மாரிக்கனியின் கையை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கேள்விய அவன்ட்ட கேட்டுட்டு வாங்க. பொறவு இவகிட்ட வரலாம்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மாரிக்கனி போனில் தங்கையைக் கூப்பிட்டாள்.

"யக்கா, இங்க கரண்டு போயிட்டு. வேங்கைச்சி என்ன செஞ்சா?" என்றாள் மாரீஸ்வரி.

"விட்டுட்டா. நீ கதவப் பூட்டிட்டு ஜோயலக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. நேரா எஸ்.பி. ஆபீசுக்குப் போ. ஒங்கண்ணன் ஒன்னய வெட்ட அருவாளோட கெளம்புனான். நா விடல."

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள் நடக்கின்றன. வைகுண்டராஜ் மேல் ஒன்று, தம்பியின் காலை உடைத்ததற்காக மாரிக்கனி மேல் ஒன்று. மாரீஸ்வரியும் ஜோயலும் வேறு ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். மாரிக்கனி நஸீபா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. சண்முகத்தாய் மகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள். தெருவில் விசாரித்தபோது பத்து வீட்டுக்காரர்களும் சொன்னது ஒன்றுதான்: "சத்தம் கேட்டுச்சு சார். நாடகம்னு நெனச்சோம்." பாதிப் பேராவது உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். திரையில் ஒருத்தியைக் கொளுத்துவதை இரண்டு வருடம் முறுக்குத் தின்றுகொண்டே பார்த்த காதுக்கு, வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? வேங்கைச்சியின் இரண்டாம் சீசனுக்கு இப்போதே அந்தத் தெருவில் காத்திருக்கிறார்கள்.

நீங்களும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் தொடரில் ஒரு பெண் அலறும்போது, செத்த நேரம் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். அலறல் நின்றுவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் எழுந்து போய், எந்த வீடு என்று பார்த்து, அந்தக் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் உடையுங்கள்.