இறந்தோர் நோட்டில் ஒரு நடிகர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மருந்துக் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், பாரிசிலிருந்து தெரேஸ் அண்ணி போன் செய்தார்கள். "தம்பி, அவரு போயிட்டாரு" என்றார்கள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நான் கேட்டேன்: "எந்தப் படத்துல அண்ணி?"

"படத்துல இல்ல தம்பி" என்றார்கள்.

ஒரு மனிதரின் சாவுச் செய்திக்கு இப்படிப் பதில் சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் ஆரோக்கியராஜ் அண்ணனை அறிந்தவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள். பிரான்சில் அவர் நடித்த படங்களிலும் தொடர்களிலும் முக்கால்வாசியில் செத்துப்போவார். அன்றைக்கே போன் வரும். "டேய் சேவியரு, இன்னிக்கிக் காலையில என்னை சுட்டுட்டானுங்கடா" என்பார். அவர் படப்பிடிப்பில் இருந்தால் அண்ணி சொல்வார்கள்: "உங்க அண்ணன ஆத்துல தள்ளிட்டாங்களாம் தம்பி." நானும் சிரித்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பேன்.

நடிகர் ஆரோக்கியராஜ் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. பிரான்சில் அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் தெரிந்த இடம் கடலூர் முதுநகரில் எங்கள் தேவாலயப் பங்கு ஒன்றுதான். இங்கே அவர் நடித்ததைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் ஜாஸ்தி.

சிதம்பரத்தில் படித்த காலத்தில் அவர் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். காலையில் ஒரே பாசஞ்சர் ரயிலில் போவோம். கல்லூரி நாடகங்களில் அவர் கதாநாயகன், நான் பிராம்ட்டர். படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு நின்று, வசனத்தை மறந்தவர்களுக்கு மெல்ல எடுத்துக் கொடுக்கிற வேலை. மேடையில் ஏற எனக்குப் பயம். அண்ணனுக்கு ஒரு வரிகூட மறந்ததில்லை. இருந்தாலும் ஒவ்வொரு நாடகத்திலும் முக்கியமான இடம் பார்த்து நிறுத்திவிடுவார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் பதறிப்போய் எடுத்துக் கொடுப்பேன். அப்புறம்தான் பேசுவார்.

"ஏன்ணே இப்படி வயித்துல புளியக் கரைக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ அங்க இருக்கியான்னு பாத்தேன்டா. இருக்கேன்னு தெரிஞ்சா ஒரு தெம்பு" என்றார்.

புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தார். அப்படியே பாரிசுக்குப் போனார். பகலில் ஓட்டல் சமையற்கட்டு, மாலையில் நடிப்புப் பயிற்சி என்று பல வருடம் ஓடியது. பிறகு சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. பாகிஸ்தானி கடைக்காரர், ஆப்கானிய டிரைவர், இலங்கை அகதி, எந்த நாடு என்றே சொல்லப்படாத ஒரு மனிதர். ஒரு முறை இந்தியர் வேடம் ஒன்றுக்கு ஆள் தேடினார்கள். இவர் ஆசையாகப் போய் நடித்துக் காட்டினார். வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். "நான் இந்தியன் மாதிரி இல்லையாம்டா" என்று போனில் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தது. இந்தியத் தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டை வாங்கி ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்களாம். இங்கே ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயரை எடுத்தார்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு தொடரில் அவர் பனியில் விறைத்துச் சாகும் அகதியாக நடித்திருந்தார். யார் என்ன என்று யாருக்கும் தெரியாத ஆள். பெட்டியில் வைத்து, சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து, பெயரில்லாத சிலுவைக்குக் கீழே புதைப்பார்கள். அண்ணன் அனுப்பியிருந்த அந்தக் காட்சியைக் கடைக் கம்ப்யூட்டரில் அவருடைய அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சவரியம்மாள் கடைசிவரை பார்த்துவிட்டு, "இன்னொருக்கா போடு" என்றார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தார்கள். அன்று எங்கள் பங்கில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுக்கும். மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அவற்றைப் படித்து வேண்டுவோம். நோட்டு எழுதுவதும் மைக்கில் படிப்பதும் அன்றிலிருந்து இன்றுவரை என் பொறுப்பு. அம்மா கணவர் பெயரைச் சொன்னார்கள், மாமனார் மாமியார் பெயரைச் சொன்னார்கள். பிறகு, "ஆரோக்கியராஜ்" என்றார்கள்.

"என்னம்மா இது? அவரு நல்லாத்தானே இருக்காரு!"

"எனக்குத் தெரியாதா? நேத்துதான் பேசுனான். அந்தப் பொட்டியில கெடந்தவனுக்கு ஒரு பேரு வக்கலியே அவுங்க. அவனையும் ஒருத்தி பெத்துருப்பால்ல? பேரில்லாம எப்புடி வேண்டறது? எம்புள்ள பேர எரவல் குடுக்கறேன். எழுதுப்பா."

எழுதினேன். அந்த வருடத்துக்கு மட்டும் படிக்கிற துண்டுச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். வருடா வருடம் படிக்கிற தடித்த நோட்டில் எழுதிவிட்டேன். அடுத்த வருடம் அந்தப் பெயர் வாய்க்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் அம்மா இறந்து, அவர்கள் பெயரும் அதே பக்கத்தில் ஏறிவிட்டது. யாரைக் கேட்டு அடிப்பது? அந்த நோட்டில் ஏறிய பெயரை அடித்த வழக்கமே கிடையாது. அடிக்கவும் பயம், படிக்கவும் பயம். உயிரோடு இருப்பவரை நானே கல்லறைக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாக மனசுக்குள் ஒரு அரிப்பு. அதற்கப்புறம் "இன்னிக்கி என்னைக் கொன்னுட்டானுங்கடா" என்று அவர் போன் செய்தாலே எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

அத்தனை பெயர்களுக்கு நடுவே யாரும் கவனிக்கவில்லை; அவரிடம் சொல்லாமலே வருடங்கள் போயின. ஒரு வருடம், அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று திருநாளன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். சொல்லிவிட வேண்டும் என்று நாலு முறை வாயெடுத்தேன், முடியவில்லை. சாயங்காலம், வெள்ளையடித்த கல்லறைகளில் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக ஊரே கூடியிருந்தது. அந்தப் பெயரைத் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். பழகிய வாய் படித்துவிட்டது: "சூசைமாணிக்கம் மகன் ஆரோக்கியராஜ்."

சவரியம்மாள் கல்லறைப் பக்கமிருந்து, சிதம்பரத்து மேடையில் கேட்ட அதே குரல் கணீரென்று வந்தது.

"இருக்கேன்!"

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பங்குச்சாமி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஜெபம் முடிந்ததும் அண்ணனிடம் ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பவே அடிச்சிடறேன்ணே" என்று நோட்டைத் திறந்தேன். அவர் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"அடிக்காதடா. ரேஷன் கார்டுல இல்ல, ஓட்டர் லிஸ்ட்டுல இல்ல. இந்தியாவுல எம்பேரு இருக்கிற ஒரே லிஸ்ட்டு இதான். எங்கம்மா சேத்துட்டுப் போயிருக்காங்க. இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் பழைய கல்லூரியைப் பார்க்கச் சிதம்பரம் போனோம். ராத்தங்கப் போன லாட்ஜில் மேனேஜர் அண்ணனின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டவருக்கான படிவத்தை நீட்டினார். அதில் 'எந்த நாடு' என்றொரு கட்டம். அண்ணன் பேனாவோடு நின்றுவிட்டார். பிறகு மெல்லத் திரும்பி, மேடையில் பார்ப்பாரே அந்தப் பார்வை, அப்படியே என்னைப் பார்த்தார். "எடுத்துக் குடுடா" என்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இந்த முறை அவர் விளையாட்டுக்கு நிறுத்தவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு 'பிரான்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார். எடுத்துக் கொடுக்கத் தெரியாமல் நின்றது இன்றுவரை என் மனசைக் குடைகிறது.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் நோட்டை மூடியதும் அவருக்குப் போன் செய்வேன். "படிச்சாச்சுண்ணே" என்பேன். "இருக்கேன்டா" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக அண்ணி சொன்னார்கள். அங்கேயே அடக்கம் செய்வதாகச் சொன்னதும், "கடலூருக்குக் கொண்டாரச் சொல்லலியா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஒருக்கா கேட்டேன் தம்பி. 'அங்கதான் என்னை எப்பவோ சேத்துட்டாங்களே, இன்னொரு தடவை எதுக்கு'ன்னு சொல்லிட்டாரு."

இந்த வருடம் திருநாளுக்கு முந்தின நாள், கோயிலுக்குப் புதிதாக வந்த உபதேசியார் கடைக்கு வந்து, "ஆரோக்கியராஜ் பேர எழுதணும்ல?" என்றார். "எழுதியாச்சு" என்றேன்.

முந்தாநாள் சாயங்காலம் மைக்கைப் பிடித்தபோது, அந்தப் பக்கம் வரும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "சவரியம்மாள்" என்று படித்தேன். "சூசைமாணிக்கம் மகன் ஆரோக்கியராஜ்" என்று படித்தேன். இத்தனை வருடம் தப்பாகப் படித்த பெயர் இந்த வருடம்தான் சரியாகிவிட்டது. அன்றைக்கு வந்த அந்த 'இருக்கேன்' மறுபடி வருமோ என்று நிறுத்தினேன். சவரியம்மாள் கல்லறையில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன, பக்கத்தில் யாரும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. அண்ணன் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பது போலவே இருந்தது. நான் அங்கே இருக்கிறேனா என்று பார்க்கிறார்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். படுதாவுக்குப் பின்னாலிருந்து சொல்கிற அந்தப் பழைய மெல்லிய குரலில், "இருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

'போயிட்டு வாங்கண்ணே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் என்னால் அடுத்த பெயரைப் படிக்க முடிந்தது.