இவிய சரியாத்தான் அடிச்சாவ

ராஜேஸ்வரி இறந்த செய்தியை மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று நிர்வாகம் போட்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. அவரை வேலையைவிட்டு விரட்டியதும் இதே குடும்பம்தான்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில் எங்கள் மருத்துவமனையின் கணினிகளும் தொலைபேசிகளும் அவர் பொறுப்பு. நான் அவசரப் பிரிவில் செவிலியர். பழைய லேண்ட்லைனை இணையத்துக்கு மாற்றியபோது, எண் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்று கேட்டேன்.

"நம்பர் வெறும் பேருதான்க்கா. அந்தப் பேருக்கு இணையத்துல எந்த முகவரின்னு ஒரு இடத்துல பதிஞ்சு வச்சிருக்கும். யாரு கூப்பிட்டாலும் முதல்ல அங்கன கேட்டுட்டுத்தான் கால் போகும். நாம வீடு மாறிட்டு அதை மாத்தலேன்னா, கூப்பிடுதவங்களுக்கு மணி கேக்கும். ஆனா காலி வீட்டுலதான் அடிக்கும்."

அதுதான் நடந்தது. நிர்வாகம் வேறு தொலைபேசி நிறுவனத்துக்கு மாறியது. புது முகவரி பதிவாகும்வரை பழைய நிறுவனத்தின் இயந்திரத்திலிருந்து போன்களைக் கழற்றாதீர்கள் என்று ராஜேஸ்வரி மன்றாடினார். புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு விருந்தினர் வருமுன் மேசையில் புதுப் போன் மினுங்க வேண்டும் என்பது மேலாளரின் அவசரம். கழற்றினார்கள்.

அந்த வாரமே இடைசெவல் பக்கம் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த மாரியம்மாளை விரியன் கடித்தது. மகன் ஆம்புலன்ஸ் கேட்டு எங்கள் எண்ணுக்கு அடித்தார். மணி போனது. இதோ எடுப்பார்கள், இதோ எடுப்பார்கள் என்று திரும்பத் திரும்ப அடித்தார். எங்கள் மேசையில் புதுப் போன் சும்மா கிடந்தது. கடைசியில் பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். மருந்து ஏற்றியும் பிழைக்கவில்லை.

"தப்பான நம்பர் அடிச்சிருப்பீங்க தம்பி" என்றார் மேலாளர், கூசாமல். அந்த இளைஞர் தன் கையிலிருந்த போனையே வெறித்தார். தாயைத் தானே கொன்றுவிட்டதாக நம்பத் தொடங்கிய முகம் அது.

ராஜேஸ்வரி அவர் போனை வாங்கி, எல்லோர் முன்னாலும் அதே எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். மணி கேட்டது. மேசைப் போன் மூச்சு விடவில்லை.

"இவிய சரியாத்தான் அடிச்சாவ. தப்பு நம்ம மேல. எங்க வேணாலும் வந்து சொல்லுதேன் தம்பி."

"நீ உள்ள போம்மா."

"போக மாட்டேன் சார். அந்தப் பையன் காலம் பூரா தன்னையே குத்தம் சொல்லிட்டுத் திரியணுமா?"

அன்றே முகவரியைத் திருத்த வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அடுத்து வந்தது வேலைநீக்கம். காரணம், ஒழுங்கீனமாம்! ஒரு மரணத்தை எண் தவறென்று பூசி மெழுகியவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். மாரியம்மாளின் மகன் போட்ட வழக்கு நடந்தபோது, தூத்துக்குடியில் வேறு வேலையில் இருந்த ராஜேஸ்வரி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவிலும் வந்து சாட்சி சொன்னார். மருத்துவமனை தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடக்கத்தன்று மேலாளர் மலர் வளையத்தோடு வந்தார். வாசலில் மாரியம்மாளின் மகன் நின்றிருந்தார்.

"எடுத்துட்டுப் போயிருங்க சார். இங்கன வேண்டாம்."

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் வழிவிடவில்லை. பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தது அந்த மகன்தான்.

ராஜேஸ்வரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. "நீங்கதான் லேட்டா கொண்டுவந்தீங்க" என்று எங்கள் வார்டில் யாராவது ஒரு ஏழையிடம் வாய் திறந்தால், இப்போது குறுக்கே போய் நிற்கிறேன். இந்தக் கோபம் எனக்கு ஆறவே வேண்டாம்.